சந்தனம் பூசிய சோலார் தகடுகள்: ஈப்போவிலிருந்து பதினெட்டாங்கட்டைத் தோட்டம் வரை

ஈப்போவுக்குப் போய் வெள்ளைக் காப்பி குடித்துவிட்டு, சுண்ணாம்புக் குன்றுகளுக்கு முன்னால் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்புவதாகத்தான் திட்டம். வழக்கம்போல எங்கே சாப்பிடலாம், எங்கே வண்டி பிடிக்கலாம் என்று எழுதியிருப்பேன். அதையும் எழுதத்தான் போகிறேன். ஆனால் அன்றைக்குப் பட்ட அதிர்ச்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, அதனால் கட்டுரை கொஞ்சம் அங்கே இங்கே இழுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவரின் தங்கை மாலினி வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். கோலாலம்பூர் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலை, சோலார் தகடுகளில் ஆராய்ச்சி. நான் கிள்ளானில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் இருப்பவள். அறிவியலுக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்திலேயே பேச்சு வார்த்தை நின்றுபோய்விட்டது. மே மாதக் கடைசியில் ஒருநாள் கூப்பிட்டாள். “அண்ணி, சனிக்கிழம ஈப்போ வாறீங்களா? அங்கேருந்து ஒரு தோட்டத்துக்குப் போயி என் தகடுங்களப் பாத்துட்டு வரணும். ஒரு மணி நேர வேலதான். அப்பறம் நீங்க சொல்ற எடத்துக்கெல்லாம் போலாம்.” ஒரு மணி நேரம் என்றாள்.

கிள்ளானிலிருந்து காலை முதல் கம்யூட்டர் ரயிலில் கோலாலம்பூர் வந்து, எட்டு மணி மின்சார ரயிலைப் பிடித்தோம். ஈப்போ ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். பத்து இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எங்களுக்கு ஒருவழிக் கட்டணம் முப்பத்தாறு வெள்ளி, அதாவது ரிங்கிட், ஆனது. வார இறுதியில் இடம் கிடைப்பது கஷ்டம், ஒரு வாரம் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். குளிருக்கு ஒரு சட்டை கட்டாயம். ரயிலுக்குள் போட்டிருக்கும் குளிரூட்டியில் மீன் வாங்கி வைத்தால் கெடாது.

முதல் அதிர்ச்சி தஞ்சோங் மாலிம் தாண்டுவதற்குள்ளேயே வந்தது. நம் வீட்டுக் கூரைகளில் இருக்கும் சோலார் தகடு சிலிக்கான். மாலினி செய்வது வேறு, பெரோவ்ஸ்கைட் என்ற பொருள். அதைக் கரைசலாகக் கலக்கி, கண்ணாடி மேல் மை தடவுவதுபோல மெல்லிசாகத் தடவிக் காயவைத்தால் மின்சாரம் தரும் படலம் ஆகிவிடுமாம். செலவும் குறைவு, எடையும் குறைவு. அதில் என்னவெல்லாம் இருக்கிறது என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

“அயோடின் இருக்கு, ஈயம் இருக்கு...”

“ஈயமா?” என்று நான் போட்ட சத்தத்தில் முன்னிருக்கைச் சீனப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். “மனுசன் வீட்டுக் கூரையில ஈயத்த ஏத்துவியா நீ?”

“மெதுவா பேசுங்கண்ணி. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வச்சு ஓரமெல்லாம் அடைச்சிருக்கு. கண்ணாடி ஒடைஞ்சாத்தான் பிரச்சன.” அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். நான்தான் கையிலிருந்த ரொட்டியைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

மிச்சத்தையும் அவளே சொன்னாள். இந்தப் படலம் காயும்போது உள்ளே பொடிப்பொடியாகப் படிகங்கள் உருவாகும். அவசரமாகக் காய்ந்தால் படிகங்கள் சின்னச் சின்னதாக, இடையில் சந்து விட்டு நிற்கும். அந்தச் சந்துகளில்தான் மின்சாரம் வீணாகும், ஈரமும் நுழையும். கரைசலில் வேறொரு வேதிப்பொருளைத் துளியளவு சேர்த்தால் படிகங்கள் நிதானமாக, பெரிதாக வளரும். சந்துகளும் அடைபடும். இந்தச் சேர்மானத்துக்காக உலகமெங்கும் ஆட்கள் என்னென்னவோ கலந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். மாலினி கண்டுபிடித்து வைத்திருப்பது ஒரு வகை உப்பு. மூன்று வருடமாக அந்த ஒரு சிட்டிகை உப்போடுதான் அவள் வாழ்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தால்கூட, தகடு முடியட்டும் என்பாள்.

ஆய்வுக்கூடத்துக்குள் அந்த உப்பு போட்ட தகடுகள் பிரமாதமாக வேலை செய்தன. வெளியே, நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் நிற்குமா என்று பார்க்கத்தான் தோட்டம். பள்ளிப் புத்தக அளவில் பன்னிரண்டு தகடுகள், உப்பு சேர்த்தது ஆறு, சேர்க்காதது ஆறு. அக்டோபர் மாதம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் மண்டபக் கூரையில் மாட்டியிருந்தாள். மாதம் ஒருமுறை போய் அளந்து வருவாள். மார்ச்சில் அளந்தபோதும் உப்பு போட்டவைதான் முன்னால் இருந்தன. ஏப்ரலில் ஆய்வுக்கூட வேலை நெருக்கியதால் போகவில்லை.

“இன்னைக்கும் நல்லா இருந்தா?” என்று கேட்டேன்.

“அதே கூரையில எங்க லேப்புலேருந்து ஆறு பெரிய பேனல் போடுவாங்க. தோட்டத்து ஆளுங்க தண்ணிப் பம்பு அதுல ஓடும். என் ஒப்பந்தமும் ஜூன்ல முடியுது. தகடு நல்லா இருந்தா நீட்டிப்பாங்க. இல்லன்னா...” சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் நான் ஏன் கூட வந்திருக்கிறேன் என்று எனக்கே புரிந்தது.

ஈப்போ நிலையத்துக்கு வெளியே காதர் அண்ணன் காத்திருந்தார். மாலினி வழக்கமாகக் கூப்பிடும் வாடகை வண்டிக்காரர். அவருடைய தம்பி ஊருக்குள் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், எங்களை முதலில் அங்கேதான் கொண்டுபோய் இறக்கினார். தோசை, மீன் குழம்பு, இரண்டு தே தாரேக் தேநீர், மூன்று பேருக்கும் சேர்த்து இருபத்தொரு வெள்ளி. வெள்ளைக் காப்பியைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மாலினி அவசரப்படுத்தினாள். அரைநாள் வண்டிக்கு நூற்று அறுபது பேசியிருந்தோம்.

ஈப்போவை விட்டு வடக்கே போகும் சாலை அழகானது. இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள், சிலவற்றைப் பாதி வெட்டித் தின்றிருக்கிறார்கள். காதர் அண்ணன் நிற்காமல் பேசினார். “தோட்டத்துல பாக்குறதுக்கு என்னாலா இருக்கு அக்கா? முந்தி ரப்பரு, இப்ப எங்க பாத்தாலும் செம்பன எண்ணெ மரந்தான். இந்தத் தங்கச்சி மட்டும் மாசம் மாசம் போயி கூரைய பாத்துட்டு வருது. நான் மொதல்ல மாப்பிள்ள கீப்பிள்ள இருக்கோன்னு நெனச்சேன்.” மாலினி சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவள் இல்லை.

சுங்கை சிப்புட் பக்கம் பதினெட்டாவது மைலில் பிரதான சாலையை விட்டு உள்ளே ஆறு கிலோமீட்டர். மைலுக்கு இங்கே கட்டை என்று பேர், அதனால்தான் ஊர்க்காரர்களுக்கு அது பதினெட்டாங்கட்டைத் தோட்டம். நில வழக்கு நடப்பதால் அதன் உண்மையான பெயரை எழுதவில்லை. இருபது குடும்பங்களுக்கு மேல் பழைய லயத்து வரிசை வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அதே வழக்கால் மண்டபத்துக்கும் பம்புக்கும் மின்கம்பி இழுக்க அனுமதி கிடைக்கவில்லை. ஜெனரேட்டர்தான். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் தண்ணீர். இந்தக் காலத்தில், நெடுஞ்சாலையிலிருந்து பதினைந்து நிமிடத் தூரத்தில்! எனக்கு நம்பவே முடியவில்லை.

மண்டபச் சாவி சரோஜா அக்காவிடம் இருக்கும். கோயில் கமிட்டியிலும் அவர்தான், மண்டபத்துக்கும் அவர்தான். வண்டிச் சத்தம் கேட்டதுமே கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். “வாம்மா மாலினி! ரெண்டு மாசமா ஆளையே காணோம். உன் சாமானையெல்லாம் எப்பிடி வச்சிருக்கோம் பாரு, சும்மா பளபளன்னு.”

நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம்.

தாழ்வான தகரக் கூரை, கீழே நின்றாலே எல்லாம் தெரியும். பன்னிரண்டு தகடுகளும் கண்ணைப் பறித்தன. ஒவ்வொன்றின் நான்கு மூலையிலும் சந்தனம், சந்தனத்துக்கு நடுவில் குங்குமம். வரிசையின் இரண்டு கோடியிலும் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

மாலினியின் முகம் வெளிறிவிட்டது. “அக்கா... இத கழட்டுனீங்களா?”

“பின்ன? இந்த மாசம் திருவிழா இல்லையா? ரதம் இந்தப் பக்கந்தான திரும்பும், அதோட கொடை இடிச்சா ஒடைஞ்சு ரோசாக் ஆயிடும்ல. அதான் பதனமா எறக்கி, சோப்புப் போட்டுக் கழுவி, திருவிழா முடியிற வரைக்கும் அம்மன் முன்னால வச்சிருந்தோம். சாமிகிட்ட வச்சு எடுத்தா நல்லதுலா. புதுக் காடி வாங்குனா வண்டியக் கோயிலுக்குக் கொண்டு போறதில்லையா?”

இதற்கு யாரால் என்ன பதில் சொல்ல முடியும்? என் வீட்டுச் சலவை இயந்திரத்துக்கே நான் பொட்டு வைத்திருக்கிறேன்.

நான் மாலினி கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் முதலில் கேட்டது வேறு. “கழுவும்போது ஏதாச்சும் ஒடைஞ்சுதா அக்கா? கீறல் விட்டுச்சா? கழுவுன தண்ணி எங்க போச்சு?” ஏணியை இழுத்துப் போட்டு ஏறினாள். ஒவ்வொரு தகடாக விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பன்னிரண்டும் முழுசாக இருந்தன. அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. ரயிலில் சொன்ன ஈயம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

“ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேனே அக்கா? எது எதுன்னு நம்பர் போட்டு?”

“அந்தப் பழைய ஸ்டிக்கரா? வெயில்ல சுருண்டு அசிங்கமா இருந்துச்சும்மா. தேச்சு எடுத்துட்டோம்.”

அலமாக்! என்று காதர் அண்ணன் தலையில் கை வைத்தார். மாட்டும்போது வரிசையும் மாறிப்போயிருந்தது, கையில் வந்ததை வந்தபடி மாட்டியிருக்கிறார்கள். எது உப்பு போட்டது, எது போடாதது என்று இப்போது பார்த்துச் சொல்ல வழியில்லை. ஏழு மாதப் பரிசோதனையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார்கள், அதுவும் பாசத்தோடு.

எல்லாவற்றையும் இறக்கி மண்டபத் தரையில் பரப்பினோம். சந்தனத்தைத் துடைத்ததும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஆறு தகடுகள் அடர்ந்த பழுப்பு, ஏறக்குறைய கறுப்பு. மற்ற ஆறும் நல்ல மஞ்சளாக மாறிப்போயிருந்தன. சோப்பினால் அல்ல என்றாள் மாலினி. ஈரம் உள்ளே புகுந்தால் பெரோவ்ஸ்கைட் சிதைந்து மஞ்சளாகிவிடும், அதற்குப் பிறகு அதில் மின்சாரம் வராது.

ஆறு செத்துவிட்டது, ஆறு பிழைத்திருக்கிறது. எனக்கு ஒரே சந்தோஷம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மார்ச் வரை முன்னால் இருந்ததும் அவளுடையதுதானே! “மாலினி, உன் உப்பு ஜெயிச்சிருச்சு!” என்று அவளைக் கட்டிப் பிடித்தேன். சரோஜா அக்காவுக்கு முகமெல்லாம் பல். “கறுப்பா இருக்கிறதுதான் மருந்து போட்டது, என்னம்மா? அம்மன் காப்பாத்திட்டா பாரு.” தோட்டத்தில் அந்தச் சேர்மானத்தை எல்லோரும் மருந்து என்றுதான் சொல்கிறார்கள். அதற்குள் பத்துப் பதினைந்து பேர் மண்டபத்துக்குள் வந்துவிட்டார்கள். காதர் அண்ணன் எல்லோரிடமும் கை குலுக்கிக்கொண்டிருந்தார், தகட்டை அவரே செய்ததுபோல.

மாலினி மட்டும் என் கையை மெதுவாக விலக்கினாள். “இருங்கண்ணி. எது எதுன்னு தெரியாம, நல்லா இருக்கிறத என்னோடதுன்னு எடுத்துக்க முடியாது. நல்லா இருக்கான்னு பாக்கத்தான வந்தோம்?”

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது சரிதான், ஆனாலும் அந்த நேரத்தில் அவள்மேல் எரிச்சலாகவும் வந்தது. ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தால்தான் என்ன?

கண்ணாடியை வெட்டும்போதே அடிப்பக்க மூலையில் சின்னதாகக் கோடு கீறி வைப்பது ஆய்வுக்கூட வழக்கமாம். உப்பு சேர்த்ததற்கு இரண்டு கோடு, சேர்க்காததற்கு ஒன்று. அதற்கு மேல் ஓரம் அடைக்கும் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். என் கைப்பையில் இருந்த நகவெட்டியை வாங்கிக்கொண்டாள். அதிலிருக்கும் சின்ன அரத்தால் டேப்பின் மூலையைக் கிளப்பினாள். முதலில் எடுத்தது ஒரு மஞ்சள் தகடு.

கைபேசி விளக்கை நான்தான் பிடித்திருந்தேன். கோடு தெரிந்தது. இரண்டு.

ஒன்று மாறிப்போயிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த மஞ்சளை எடுத்தாள், இரண்டு கோடு. அடுத்தது, இரண்டு. ஏதோ சரியில்லை என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆறு மஞ்சளும் உப்பு சேர்த்தவை. கறுப்பாக நின்ற ஆறிலும் ஒற்றைக் கோடு. அதில் ஒன்றில் மட்டும் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு மஞ்சள் பிடித்திருந்தது.

மூன்று வருடம்! அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? மாலினி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி கடைசித் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை என்று தோன்றியிருக்கும். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். “உப்புதான. ஈரத்த இழுக்கும். ஏப்ரல் மழையில ஓரத்துல துளியூண்டு கசிஞ்சிருக்கும், உள்ள இருந்த உப்பு அத வா வான்னு கூப்பிட்டுருச்சு. லேப்புல இவ்வளவு நாள் நனைச்சு நனைச்சுக் காயவச்சு யாரு பாத்தா?”

சரோஜா அக்கா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒப்பந்த விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. குரலைத் தாழ்த்தி அவர் சொன்னதைக் கேட்டு நான் ஆடிப்போய்விட்டேன். “இந்தா பாரும்மா. ஸ்டிக்கரக் கிழிச்சது நாங்க. மாத்தி மாட்டுனதும் நாங்க. கறுப்பா இருக்கிறது உன்னோடதுன்னு நீ எழுதிக்க. யாராச்சும் வந்து கேட்டா, ஆமா, நாங்க பாத்துப் பாத்துத்தான் மாட்டுனோம்னு இந்தத் தோட்டமே சொல்லும். உன் வேல போகக் கூடாதும்மா.”

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அத்தனை பேரும்! அவளுக்காகப் பொய் சொல்ல ஒரு தோட்டமே தயாராக நின்றது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. சரி என்று சொல்லித் தொலையேன் மாலினி என்று மனசு அடித்துக்கொண்டது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

மாலினி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்படி எழுதுனா ஆறு பெரிய பேனலும் இந்த மருந்தோடத்தான் வரும் அக்கா. இந்தக் கூரையிலதான் ஏத்துவாங்க. ஜெனரேட்டரத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அடுத்த மழையில ஆறும் மஞ்சளாயிடும். அப்பறம் பம்புக்கு என்ன செய்வீங்க?”

வெளியே ஒரு வீட்டில் யாரோ வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

மாலினி எழுந்து வாசலில் நின்று தன் மேலதிகாரிக்குப் போன் செய்தாள். ஆங்கிலத்திலும் மலாயிலும் மாற்றி மாற்றிப் பேசினாள், அவள் பக்கம் மட்டும்தான் எனக்குக் கேட்டது. ஆமாம், சேர்மானம் போட்டவைதான். ஆறும். இல்லை, லேபிள் போனது உண்மை, ஆனால் கண்ணாடியில் கோடு இருக்கிறது, நானே பார்த்தேன். சரி. திங்கட்கிழமை. போனை வைத்துவிட்டு உள்ளே வந்து, தோட்டத்து ஆட்களுக்கு நடந்ததை விளக்க ஆரம்பித்தாள். ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைப்பார்களே, அதுபோலத்தான் இந்த மருந்தும் என்றாள். சரியான ஆசிட், சரியான அளவு என்றால் பால் நல்ல ரப்பர் ஷீட்டாகும். இல்லையென்றால் கெடும். மருந்தே வேண்டாம் என்பதில்லை. இந்த மருந்து இந்த மழைக்கு ஆகாது, அவ்வளவுதான். வயதில் மூத்தவர்கள் புரிந்ததுபோல முனகினார்கள். எனக்கும் மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் வேலை புரிந்தது, அதுவும் கெட்டுப்போன அன்றைக்கு.

மத்தியானம் சாப்பிடாமல் போகச் சரோஜா அக்கா விடவில்லை. கோழிக் குழம்பும் கருவாட்டுப் பொரியலும். மாலினி நன்றாகத்தான் சாப்பிட்டாள். நான்தான் பாதியை மிச்சம் வைத்தேன். கிளம்பும்போது அக்கா வண்டி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “நாளைக்கு வேற ஆளு வேற மருந்த எடுத்துக்கிட்டு வந்தா நாங்க யாருகிட்டம்மா கேக்குறது? எங்களுக்கு என்னா தெரியும்?”

“எங்கிட்ட கேளுங்க அக்கா. அந்த வேலையில நான் இருந்தாலும் இல்லாட்டியும் என் நம்பர் மாறாது.”

வண்டி செம்பனை மரங்களுக்குள் திரும்பிய பிறகுதான் அவள் அழுதாள். காதர் அண்ணன் வானொலியை நிறுத்திவிட்டு, ஈப்போ வரும் வரை ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினார். அவர் பேசாமல் இருந்ததே அன்றைக்கு இன்னொரு அதிர்ச்சி. பழைய ஊர்ப் பக்கம் ஒரு காப்பிக் கடையில் இறக்கிவிட்டார். வெள்ளைக் காப்பி ஒரு கோப்பை மூன்று வெள்ளி முப்பது சென். ருசியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், சூடாக இருந்தது என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது. மாலை ஆறு மணி ரயிலில் திரும்பினோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஈப்போவை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம், ஆனால் தோட்டப் பக்கமும் போவதென்றால் ஓர் இரவு தங்குங்கள். உள்சாலைகளில் கைபேசி வழிகாட்டி குழப்பும், உள்ளூர் ஓட்டுநரே நல்லது. மத்தியானத்துக்கு மேல் மழை வரும் என்றே வைத்துக்கொண்டு காலையிலேயே வேலையை முடியுங்கள். தோட்டங்கள் காட்சிப் பொருள் இல்லை, அங்கே குடும்பங்கள் இருக்கின்றன. தெரிந்தவர் யாராவது இருந்தால் மட்டும் போங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். உங்கள் கூரையில் சோலார் போட யாராவது வந்தால், இது வெளியே எத்தனை மழை பார்த்திருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அன்று வரை நான் அப்படி ஒரு கேள்வியை எதற்குமே கேட்டதில்லை.

மாலினியின் ஒப்பந்தம் ஜூனோடு முடிந்தது. நீட்டிக்கவில்லை. யாரும் அவளைத் திட்டவும் இல்லை, அந்தச் சேர்மானத்துக்கு இனிப் பணம் இல்லை என்று மட்டும் சொன்னார்களாம். இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் தினமும் அந்த ஆய்வுக்கூடத்தை மனசுக்குள் திட்டுகிறேன். உண்மையைச் சொன்னவளுக்கு இதுதான் பலனா என்று என் கணவரிடமும் கத்திவிட்டேன்.

போன வாரம் அவளும் நானும் கிள்ளான் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். அவள் போன் அடித்தது, சரோஜா அக்கா. கையெல்லாம் மீன் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டாள்.

“மாலினி, வேற கம்பெனித் தம்பி ஒருத்தரு பெரிய பேனல் கொண்டாந்திருக்காரு. ஏணியில ஏறி நிக்கிறாரு. மருந்து போட்டதா போடாததான்னு கேட்டேன். புது மருந்துங்கிறாரு. ஏத்தலாமாம்மா?”

“அவர்கிட்ட போனக் குடுங்க அக்கா.”

அந்த ஆள் கொஞ்சம் கடுப்பாகவே பேசினார், நீங்கள் யார், எந்த ஆய்வுக்கூடம் என்று கேட்டார். எந்த ஆய்வுக்கூடமும் இல்லை என்றாள் மாலினி. என்ன சேர்மானம், ஓரத்தை எதைக் கொண்டு அடைத்திருக்கிறார்கள், மழையில் எவ்வளவு நாள் வைத்துப் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். முதல் இரண்டுக்குப் பதில் வந்தது. மூன்றாவதற்கு, ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். சரி, கேட்டுச் சொல்லுங்கள் என்றாள் மாலினி. அவர் போனை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி ஏணியில் ஏறியிருக்க வேண்டும். மீன் கடைச் சத்தத்துக்கு நடுவில் சரோஜா அக்காவின் குரல் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

“எறங்குங்க தம்பி. எங்க டாக்டரு இன்னும் சரின்னு சொல்லல.”